ஆமிக்காரருக்கும் வகுப்பா? கூட்டு நடவடிக்கைத் திட்டமிடல் கல்வி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அனர்த்த முன்னாயத்தப் பயிற்சிகள் நடத்துவது என் வேலை. வெள்ளம், சூறாவளி என்று பேச்சைத் தொடங்கினால் சிறிது நேரத்தில் அது படையினர் பக்கம் திரும்பிவிடும். படகு அவர்களிடம், ஹெலி அவர்களிடம், கூட்டத்தில் முன்வரிசையும் அவர்களுக்கு. அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எங்கே இதைப் படித்தார்கள் என்ற சந்தேகங்கள் கிராம சேவகர்களிடமும் மீனவர் சங்கங்களிடமும் ஏ.எல். மாணவர்களிடமும் இருந்து ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே போட்டிருக்கிறேன். நான் படைக்காரன் அல்ல, படைக்கு ஆள் சேர்ப்பவனும் அல்ல. திட்டம் எப்படிப் போடப்படுகிறது என்று தெரியாமல் அதைக் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் இதை எழுதக் காரணம்.

ஆமிக்காரருக்கு என்ன படிப்பு? துவக்குப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதாதா?

சிப்பாய்க்குப் பயிற்சி. அதிகாரிக்குப் பயிற்சியோடு படிப்பும் உண்டு, அதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை. தியத்தலாவை இராணுவக் கல்வியகம், திருகோணமலைக் கடற்படைக் கல்வியகம், சீனன்குடா விமானப்படைக் கல்வியகம் போன்ற இடங்களில் தொடங்குபவர், மேஜர் தரத்துக்கு வரும்போது மறுபடி வகுப்பறைக்குப் போகிறார். பிரிகேடியர் தரத்தில் இன்னொரு தடவை.

ஒவ்வொரு படியிலும் கேள்வி மாறுகிறது. இளம் அதிகாரிக்கு, "இந்தப் பாலத்தை எப்படிப் பிடிப்பது?" நடுத்தர அதிகாரிக்கு, "எந்தப் பாலத்தை முதலில், யாருடைய உதவியோடு, எந்த வரிசையில்?" மேல்நிலையில், "பாலத்தைப் பிடிக்கத்தான் வேண்டுமா, பிடித்தபின் என்ன ஆகும்?" இந்த மூன்றையும் தந்திரோபாய மட்டம், நடவடிக்கை மட்டம், மூலோபாய மட்டம் என்பார்கள். கூட்டுத் திட்டமிடல் பெரும்பாலும் நடுமட்டத்தின் பாடம்.

கூட்டு நடவடிக்கை எண்டா மூணு படையும் ஒண்டாப் போறதா?

ஒன்றாகப் போவது மட்டும் போதாது. ஒரே நோக்கம், ஒரே திட்டம், அதற்குப் பொறுப்பாக ஒரே கட்டளை அதிகாரி என்பவை இருந்தால்தான் அது கூட்டு நடவடிக்கை. 1991 ஜூலையில் புலிகளின் முற்றுகையில் இருந்த ஆனையிறவு முகாமை மீட்க வெற்றிலைக்கேணிக் கரையில் நடந்த தரையிறக்கம் நம் மக்களுக்கு நினைவிருக்கும். தரைப்படையை ஏற்றி வந்தது கடற்படை, மேலிருந்து பாதுகாத்தது விமானப்படை. கப்பல் எந்த நேரம் கரைக்கு வரலாம் என்பதைக் கடல் தீர்மானிக்கிறது. விமானம் எவ்வளவு நேரம் வானில் நிற்கலாம் என்பதை எரிபொருள் தீர்மானிக்கிறது. இறங்கியவர்கள் எதைச் சுமந்து நடக்கலாம் என்பதை மணல் தீர்மானிக்கிறது. மூன்று பேர் மூன்று அறையில் தனித்தனியாகத் திட்டம் போட்டால் இந்த மூன்றும் பொருந்தாது.

பல நாட்டுப் படைகள் சேர்வது வேறு விஷயம், அதற்குப் பன்னாட்டு நடவடிக்கை என்று பெயர். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதும் உண்டு.

அதுக்கு ஒரு படிப்புத் தேவையா? மேல இருக்கிறவர் சொன்னாச் செய்யப்போறாங்கதானே?

அமெரிக்காவும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. 1980 ஏப்ரலில் தெஹ்ரானில் பணயமாக இருந்த அமெரிக்கர்களை மீட்க ஓர் இரகசிய நடவடிக்கை நடந்தது. ஹெலிகள் கடற்படையுடையவை, ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் படையினர், சரக்கு விமானங்கள் விமானப்படையுடையவை, மீட்கப் போனவர்கள் தரைப்படையினர். எட்டு ஹெலிகள் கிளம்பின. குறைந்தது ஆறு வேண்டும் என்பது கணக்கு. மணற்புயலிலும் இயந்திரக் கோளாறிலும் மூன்று விலக, ஐந்துதான் மிஞ்சின. நடவடிக்கையைக் கைவிட்டுத் திரும்பும்போது பாலைவனத்தில் ஒரு ஹெலி சரக்கு விமானத்தில் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்தபோது, எல்லோரும் சேர்ந்து ஒரு முழு ஒத்திகைகூடப் பார்க்கவில்லை என்பது வெளியே வந்தது.

1983இல் அமெரிக்கா படையெடுத்த கரீபியன் தீவான கிரெனடாவிலும் அதன் தரைப்படையும் கடற்படையும் ஒன்றோடொன்று சரியாகத் தொடர்புகொள்ள முடியாமல் திண்டாடின. அப்புறம்தான் 1986இல் கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டம் வந்தது. மற்றப் படைகளோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் இல்லாத அதிகாரி ஜெனரல் தரத்துக்கு உயர்வது கடினம் என்று அது ஆக்கியது. 1989இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுவொன்று கூட்டுக் கல்வியை இரண்டு கட்டமாகப் பிரிக்கச் சொன்னது. முதற்கட்டம் பதவிநிலைக் கல்லூரிகளில் (நடுத்தர அதிகாரிகள் திட்டமிடல் படிக்கும் இடங்கள்), இரண்டாம் கட்டம் எல்லாப் படையினரும் கலந்து இருக்கும் வகுப்பில். பதவி உயர்வோடு கட்டிப்போட்டதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். நல்ல புத்திமதியைக் கேட்டு எந்தத் திணைக்களமும் திருந்தியதை நான் பார்த்ததில்லை.

இலங்கையில இது எங்க இருக்கு? அம்பாறையில இருக்கிற பள்ளிக்கூடமா?

அல்ல. அம்பாறை கொண்டவட்டுவானில் இருப்பது போர்ப் பயிற்சிப் பாடசாலை. அங்கே கற்பிப்பது களத்திறன். திட்டமிடல் கல்விக்குப் பிரதான இடம் மாகொல பட்டலந்தையில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் கட்டளை மற்றும் பதவிநிலைக் கல்லூரி. 1990களின் பிற்பகுதியில் தரைப்படைக்கு மட்டுமான கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் முப்படைக்கும் பொதுவானது. மேஜர், லெப்டினன்ட் கமாண்டர், ஸ்குவாட்ரன் லீடர் தரத்தவர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் படிக்கிறார்கள். வெளிநாட்டு அதிகாரிகளும் இருப்பார்கள், பாடமொழி ஆங்கிலம். (பட்டலந்த என்றதும் 1980களின் கடைசியில் நடந்த சித்திரவதைகளும் ஆணைக்குழு அறிக்கையும் ஞாபகம் வருகிறதா? ஊர் அதேதான்.)

அதற்கு மேல், பிரிகேடியர், கொமடோர், எயார் கொமடோர் மட்டத்தவர்களுக்குக் கொழும்பில் 2021இல் தேசிய பாதுகாப்புக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவரை அந்த மட்டப் படிப்புக்கு வெளிநாடுதான் போகவேண்டியிருந்தது. முப்படைகளையும் இணைக்கும் பதவியான பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானிக்கு 2009ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அடித்தளம். படித்ததைச் செய்து பார்ப்பதற்கு 2010 முதல் "கோமரண்ட் ஸ்ட்ரைக்" என்ற முப்படைக் கூட்டுப் பயிற்சி நடத்தப்பட்டு வருகிறது. குச்சவெளிப் பக்கத்துக் கடற்கரைவாசிகளுக்கு அந்தச் சத்தம் பழக்கம்.

வெளிநாட்டுக்கும் அனுப்புறாங்களாமே?

ஆம். தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டனில் இருக்கும் இந்தியப் பதவிநிலைக் கல்லூரிக்கு நம் அதிகாரிகள் போவது நெடுங்கால வழக்கம். பாகிஸ்தானின் குவெட்டா, பங்களாதேஷின் மிர்பூர், பிரித்தானியாவின் ஷ்ரிவன்ஹம் ஆகியவையும் இதே வகைக் கல்லூரிகள். பாடத்தைவிட அங்கே கிடைக்கும் பழக்கவழக்கம் பெரிது. பக்கத்து மேசையில் இருந்த மேஜர் இருபது வருடத்தில் அந்த நாட்டின் தளபதியாக வரலாம்.

வகுப்புக்குள்ள என்ன நடக்கும்? ஜெனரல் வந்து பேச, இவங்க எழுதுறதா?

விரிவுரை உண்டு, ஆனால் முக்கியமான வேலை சிறு குழுவில் நடக்கிறது. மூன்று படையினரும் வெளிநாட்டவரும் கலந்த ஒரு குழு, ஒரு வழிகாட்டும் அதிகாரி, ஒரு வரைபடம். கற்பனை நாடுகள், கற்பனைச் சண்டை. தரைப்படை மேஜருக்குக் கடற்படைப் பொறுப்பைக் கொடுப்பார்கள், விமானப்படைக்காரருக்கு எரிபொருளும் சாப்பாடும் அனுப்பும் பொறுப்பைக் கொடுப்பார்கள். தன் படையின் வசதியை விட்டு மற்றவரின் கஷ்டத்தை உணர வைப்பதுதான் நோக்கம். நேரம் வேண்டுமென்றே போதாமல் இருக்கும். கடைசியில் திட்டத்தை எழுந்து நின்று விளக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். இதோடு வரலாறு, சர்வதேசச் சட்டம், முகாமைத்துவம் போன்ற பாடங்களும் ஆய்வுக் கட்டுரையும் இருக்கின்றன.

அந்தத் திட்டமிடல் முறையை எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்களேன்.

அமெரிக்கக் கூட்டுப் படை ஏடுகளில் ஏழு படி சொல்கிறார்கள். மற்ற நாடுகளிலும் பெயர் மாறினாலும் சாரம் இதுதான். நமக்குத் தெரிந்த ஒன்றை எடுப்போம்: மட்டக்களப்பு முகத்துவாரம் வெட்டுவது. மாரியில் வாவி நிரம்புகிறது, ஆற்றுவாயை மணல்திட்டு அடைத்திருக்கிறது. வயல் மூழ்குவதால் படுவான்கரை விவசாயி உடனே வெட்டு என்கிறார். வாவியில் தொழில் செய்பவர் பொறு என்கிறார். சீக்கிரம் வெட்டினால் தண்ணீர் இறங்கி, உப்புநீர் ஏறி, இறாலும் மீனும் போய்விடும் என்பது அவர் பயம்.

முதற்படி, வேலை தொடங்கியது என்ற அறிவிப்பு. இரண்டாவது, பணியை அலசுவது. நேரம் அதிகம் போவது இதில்தான், போகவும் வேண்டும். உண்மையான பணி "முகத்துவாரம் வெட்டு" என்பது அல்ல. "நாளை இரவுக்குள் வாவி மட்டத்தைக் குறை, தொழிலைக் கெடுக்காதே" என்பது. யாரும் வாயால் சொல்லாத வேலைகளும் உள்ளே ஒளிந்திருக்கின்றன: பெக்கோ இயந்திரம் மணலில் புதையாமல் போய்ச் சேர வேண்டும், வேடிக்கை பார்க்க வரும் சனத்தை விலக்க வேண்டும், அருகில் கட்டிய வள்ளங்களை நகர்த்த வேண்டும். தெரிந்தது வேறு, நினைத்துக்கொண்டது வேறு என்று இரண்டு பத்தியாக எழுதுவார்கள். இன்றைய நீர்மட்டம் தெரிந்தது. உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் ஒரே நேரத்தில் வான்கதவு திறக்காது என்பது வெறும் ஊகம். மூன்றாவது படியில் குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும்: இன்றே அகல வெட்டுவது, குறித்த மட்டம் வரை காத்திருப்பது, ஒடுக்கமாக வெட்டித் தண்ணீரே அகலப்படுத்த விடுவது. ஒவ்வொன்றும் நோக்கத்தை நிறைவேற்றுமா, கையிலுள்ள வளத்தில் முடியுமா, கொடுக்கும் விலை தகுமா, மற்றதிலிருந்து உண்மையில் வேறுபடுகிறதா என்று உரைத்துப் பார்ப்பார்கள்.

நான்காவது படிதான் எனக்குப் பிடித்தது. ஒருவர் எதிராளியாக உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் உடைக்க வேண்டும். நம் கதையில் எதிராளி கடல். "இரவு பத்து மணி. வாடைக்காற்று ஏறிவிட்டது. வெட்டிய வாயை அலை மணலால் மூடுகிறது. இப்போது என்ன செய்வாய்?" பதில் இல்லையென்றால் திட்டத்தில் ஓட்டை. ஐந்தாவது ஒப்பிடுவது, ஆறாவது பொறுப்பாளர் ஒன்றைத் தேர்வது, ஏழாவது அதை யார், எப்போது, எதைக்கொண்டு என்று எழுத்தாக்குவது. ஆறாவது படியைக் கவனியுங்கள்: அலசியவர்கள் பரிந்துரைக்கலாம், முடிவு ஒருவருடையது, அதன் பழியும் அவருடையது.

ஏழு படி எழுதினா வெள்ளம் கேக்குமா?

கேட்காது. அதனால்தான் நல்ல திட்டத்தில் "இப்படி நடந்தால் இதைச் செய்" என்ற கிளைகளும், "இந்தக் கட்டத்தில் முடிவெடுத்தே ஆகவேண்டும்" என்ற புள்ளிகளும் முன்கூட்டியே குறிக்கப்படுகின்றன. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த வீதிக்குக் குறுக்கே தண்ணீர் பாயும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைத் திட்டமாக்குவது என்பது, தண்ணீர் எந்த அடையாளத்தைத் தொட்டால் வீதி மூடப்படும், மூடச் சொல்பவர் யார், கயிறு கட்டி நிற்பவர் யார் என்று மழைக்கு முன்னரே எழுதிவைப்பது.

வெள்ளம் வந்தா ஆர் பெரியவர்? ஜீ.ஏ.யா, பிரிகேடியரா?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. 2004 சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழான ஏற்பாட்டில், மாவட்ட மட்ட ஒருங்கிணைப்பு மாவட்டச் செயலாளர் (ஜீ.ஏ.) கையில். படை உதவிக்கு வருகிறது. ஆனால் ஜீ.ஏ. ஒரு சிப்பாய்க்கு நேரடியாகக் கட்டளை இட முடியாது. "இந்த இடத்தில் இவ்வளவு பேரை மீட்க வேண்டும்" என்று அவர் கேட்கிறார். எப்படி மீட்பது என்பதைப் படை அதிகாரி தன் ஆட்களுக்குச் சொல்கிறார்.

கூட்டுத் திட்டமிடல் வகுப்பில் இதற்கென்றே பாடம் இருக்கிறது: பிரதான பொறுப்பில் இருப்பவர் யார், அவருக்கு ஆதரவு கொடுப்பவர் யார் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத வேண்டும். மீட்புக் கட்டத்தில் ஒருவர், நிவாரணக் கட்டத்தில் இன்னொருவர் என்று மாறலாம். அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தால் படையின் அதிகாரம் கூடும், அப்போது இந்தப் பதில் அப்படியே பொருந்தாது.

சில தொண்டு நிறுவனங்கள் ஆமியோட சேர்ந்து போக மாட்டம் எண்டு நிக்கிறது ஏன்? உசிர் போற நேரத்தில இது என்ன பிடிவாதம்?

பிடிவாதம் அல்ல, அதற்கும் விதி இருக்கிறது. அனர்த்த நிவாரணத்தில் வெளிநாட்டுப் படை வளங்களைப் பயன்படுத்துவது பற்றி 1994இல் எழுதப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட ஒஸ்லோ வழிகாட்டல்கள், சிவில் வழி எதுவும் இல்லாதபோது மட்டும் படையை அழை என்கின்றன. அந்த எண்ணத்தைப் பல நிறுவனங்கள் உள்நாட்டுப் படை விஷயத்திலும் கைக்கொள்கின்றன. சீருடை நிற்கும் இடத்துக்கு நிவாரணம் வாங்க வரப் பயப்படும் தாய்மார் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவர்கள் உட்பட. படகு யாருடையதாகவும் இருக்கட்டும். பதிவு மேசையில் கிராம சேவகர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கட ஆக்கள் இந்தப் படிப்பில இருக்காங்களா?

மிகக் குறைவு. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. இலங்கைத் தரைப்படையின் முதல் உள்நாட்டுத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு, 1955 முதல் 1959 வரை பொறுப்பில் இருந்த தமிழர். 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். 1962 சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு ஆட்சேர்ப்பின் முகம் மாறியது, யுத்தம் மிச்சத்தை முடித்தது. விளைவு கூட்டங்களில் தெரிகிறது. திட்டம் ஆங்கிலத்தில் போடப்பட்டு, கட்டளை சிங்களத்தில் இறங்கி, வெள்ளத்தில் நிற்பவரிடம் வந்து சேரும்போது அரைகுறைத் தமிழாகிறது.

என்ட மகள் ஏ.எல். எடுத்திருக்கா. கொத்தலாவலவில சேர்க்கலாமா?

இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று கெடெற் அதிகாரியாகச் சேர்வது. பெண்களும் சேரலாம், படிப்புச் செலவு இல்லை, ஆனால் முடிந்ததும் படையில் சேவை செய்யக் கட்டுப்பட வேண்டும். மற்றது கட்டணம் செலுத்திப் படிக்கும் சிவில் மாணவராகப் போவது. அவர்களுக்குப் படைச்சேவைக் கடப்பாடு இல்லை. பாடமொழி ஆங்கிலம். பாதுகாப்பு அமைச்சின் கீழ் சிவில் கல்வி வரலாமா என்பதில் 2021இல் நாடு முழுக்கப் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சேர்வதா இல்லையா என்பது உங்கள் வீட்டு முடிவு. நான்காவது கேள்வியில் சொன்ன பட்டலந்தக் கல்லூரிக்கு நேரே போக முடியாது, அது சேவையிலுள்ள அதிகாரிகளுக்கு மட்டும்.

இவ்வளவு படிச்சவங்கதானே யுத்தத்தில அப்படிச் செய்தாங்க? மறுகா என்ன படிப்பு?

கேட்பவர்களில் பலர் கோபத்தில் கேட்பதில்லை, களைத்துப்போய்க் கேட்கிறார்கள். நேராகச் சொல்கிறேன்: திட்டமிடல் கல்வி ஒரு திறமை, அது மனச்சாட்சியைத் தராது. எந்த இலக்கு சட்டப்படி ஆகாது, சிவில் மக்களுக்கு வரும் சேதம் எதிர்பார்க்கும் இராணுவப் பயனை மிஞ்சுகிறதா என்று பார்ப்பது வகுப்பில் சொல்லித்தரப்படுகிறது. திட்டமிடும் மேசையில் சட்ட ஆலோசகருக்கும் இடம் உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளை உள்நாட்டுச் சட்டமாக்கிய 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும் நம்மிடம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர் அதை மீறினால் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, பாதிக்கப்பட்டவருக்கு இந்தக் கல்வியால் உள்ள ஒரே பயன் அதுதான். பொறுப்புக்கூறலை வகுப்பறை தராது, நீதிமன்றம்தான் தர வேண்டும்.

அப்ப கூட்டத்துக்குப் போனா நாங்க என்ன கேக்கிறது?

கல்முனைப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் மேசைப் பயிற்சி நடந்தது. வெள்ளம் வந்ததாகப் பாவனை, இரண்டு மேசையை இணைத்து விரித்த வரைபடம். எத்தனை வள்ளம் இருக்கிறது என்று ஓர் இளம் கப்டன் கேட்டார். பலர் சுறுசுறுப்பாக எண்ணிக்கை சொன்னார்கள். "எஞ்சின் யார் வீட்டில் இருக்கும்? எண்ணெய்க்கு இரவில் காசு யார் கொடுப்பார்?" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அப்புறம் மீனவர் சங்கத்துப் பெரியவர் எழுந்து, "தம்பி, அதெல்லாம் கிடக்கட்டும். நீங்க கோடு கீறின மதகுக்குள்ள இழுவை நேரம் வள்ளம் போகாது, கவிழும்" என்றார். கப்டன் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, எங்கே கீறலாம் என்று அவரிடமே பேனையை நீட்டினார்.

அந்தப் பெரியவர் செய்தது மேலே சொன்ன நான்காவது படி. அதை நீங்களும் செய்யலாம். இதில் எது தெரிந்தது, எது நீங்கள் நினைத்துக்கொண்டது என்று கேளுங்கள். வேறு என்ன வழி யோசித்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். எந்த மட்டத்தில் யார் முடிவெடுப்பார், அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று கேளுங்கள். அறிவித்தல் தமிழில் எத்தனை மணிக்கு ஊருக்கு வரும் என்றும் கேளுங்கள். பதிலைக் கூட்ட அறிக்கையில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். மறுமாரிக்கு முன் அந்த ஆள் இடமாற்றம் ஆகியிருந்தால், கதிரையில் புதிதாக இருப்பவரிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும்.